வேர்க்க விறுவிறுக்க ஏ, பி, ஸி, டி!

ஜப்பான் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஃபூஜி மலை, செர்ரிப் பூ, புல்லட் ரயில். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டே பன்னிரண்டு மாதத்தையும் ஓட்டிவிடுவார்கள் காலண்டர்காரர்கள். எந்தக் காலண்டரிலும் வராத ஜப்பான் ஒன்று உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாத ஜப்பான்!

"வெயிலைப் பத்தித் தமிழ்நாட்டுக்காரன்கிட்டயே கதையா? மே மாசம் வேலூர் பக்கம் வந்து பாரும்!" என்று நீங்கள் முண்டா தட்டுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். டோக்கியோவில் ஜூலை மத்தியானம் 34 டிகிரி என்பார்கள். நம்பரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். வெளியே வந்து பத்து நிமிஷம் நடந்தால் சிரிப்பு நின்றுவிடும். பசிபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. வேர்வை வழியும், காயாது. இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவியை ஊர் முழுக்க நிரப்பினால் எப்படி இருக்கும்? அதுதான். ராத்திரியும் விடாது. ராத்திரி பூரா 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதற்கு 'நெத்தாய்யா' என்றே ஒரு பெயர். வெப்பமண்டல ராத்திரி என்று அர்த்தம். பகலில் 35-ஐத் தொட்டால் 'மோஷோபி'. இந்தப் பெயரை வானிலை இலாகா 2007-ல் சேர்த்துக்கொண்டது. முன்னால் அதற்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை!

இன்னொரு வித்தியாசம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'கடக், கடக்' என்று சுற்றினாலும் தலைக்கு மேலே ஒரு ஃபேன் இருக்கும். உலகத்துக்கே ஏ.ஸி. மெஷின் செய்து விற்ற ஜப்பானில், ரொம்ப காலம் பல வகுப்பறைகளின் கூரை மொட்டை. 1998-ல் அங்கே அரசாங்க ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளில் ஏ.ஸி. இருந்த வகுப்பறைகள் நூற்றுக்கு நாலு கூட இல்லை.

அந்த அறைக்குள்தான் வருஷா வருஷம் வெளிநாட்டு வாத்தியார்கள் போய் மாட்டிக்கொண்டார்கள்.

கோட்டு சூட்டோடு வந்த ஆசாமி

ஜப்பான் சர்க்கார் 1987-ல் ஒரு திட்டம் போட்டது. பெயர் 'ஜெட்'. விமானம் இல்லை ஸார், பள்ளிக்கூடத் திட்டம். வெளிநாட்டுப் பட்டதாரி இளைஞர்களைக் கூட்டி வந்து, உள்ளூர் வாத்தியாருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, பிள்ளைகளை இங்கிலீஷ் பேச வைப்பது. முதல் வருஷம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாலு நாட்டிலிருந்து 848 பேர். இப்போது ஏகப்பட்ட நாடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேலே. ஒரு வருஷ கான்ட்ராக்ட், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம், அதிகபட்சம் ஐந்து வருஷம். பட்டணம், மலைக்கிராமம், நடுக்கடல் தீவு என்று எங்கே வேண்டுமானாலும் போஸ்டிங் விழும்.

இதில் பெரும்பாலானவர்கள் வந்து இறங்குவது எப்போது தெரியுமா? ஜூலை கடைசி, ஆகஸ்ட் ஆரம்பம்!

எடின்பரோவிலிருந்து இருபத்திரண்டு வயசு ஆசாமி ஒருத்தர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊரில் ஜூலை மாத உச்ச வெப்பமே சராசரியாக 19 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். அதற்கே பார்க்கில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்துவிடுவார்கள். நம் ஆள் கோட்டு, டை சகிதம் டோக்கியோவில் இறங்குகிறார். முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டலில் பயிற்சி வகுப்பு. சில்லென்ற ஹால். 'ஆஹா, சொர்க்கம்' என்று வீட்டுக்கு எழுதிப் போடுவார். அப்புறம் எங்கேயோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே கடிதம் எழுத உட்கார்ந்தால் காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகஸ்டில்தான் பள்ளிக்கூடம் லீவாயிற்றே என்பீர்கள். பிள்ளைகளுக்குத்தான் லீவு. வாத்தியார் சம்பளக்காரர். ஆபீசுக்கு வந்தாக வேண்டும். செய்ய ஒரு வேலையும் இருக்காது. மேஜைக்கு முன்னால் எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியைத் தேய்க்க வேண்டியதுதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற செல்லப்பெயர் 'டெஸ்க் வார்மிங்'. அதாவது மேஜையைச் சூடாக்குவது. ஏற்கெனவே சூடு போதாதாம்!

ஆசிரியர் அறையில் பெரும்பாலும் ஏ.ஸி. முதலிலேயே வந்துவிட்டது. வந்ததென்ன, 28 டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்த 28-க்கு ஒரு கதை உண்டு. ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கதை.

ஏதோ ஒரு 28

2005-ல் ஜப்பான் சர்க்கார் 'கூல் பிஸ்' என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தது. கோடையில் டை வேண்டாம், கோட்டு வேண்டாம், அரைக்கைச் சட்டை போடுங்கள். ஆபீஸ் அறையின் வெப்பம் 28 டிகிரி இருக்கட்டும். மின்சாரம் மிச்சம் என்றார்கள். நல்ல விஷயம்தான். அறையின் வெப்பம் 28 என்று சொன்னதைப் பல ஆபீஸ்களில் ரிமோட்டில் 28 என்று புரிந்துகொண்டார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது கண்ணாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்குத் தெரியும். யார் அவரைக் கேட்டார்கள்?

பன்னிரண்டு வருஷம் நாடே 28-ல் வேர்த்த பிறகு, 2017-ல் ஒரு துணை அமைச்சர் வாயைத் திறந்தார். இந்த இயக்கம் தொடங்கிய காலத்தில் சுற்றுச்சூழல் இலாகாவில் அதிகாரியாக இருந்தவர் அவர். விஞ்ஞான ஆராய்ச்சி எதுவும் செய்து 28 என்று முடிவு பண்ணவில்லை, ஏதோ ஒரு குத்துமதிப்பாக ஆரம்பித்தோம் என்று சொல்லிவிட்டார்! ஜப்பான் ஆபீஸ்கள் முழுக்க விசிறிகள் ஒரு கணம் நின்றிருக்கும்.

நம் ஆசாமிக்கு இந்த 28 தேவலை என்று தோன்றுகிற நாள் சீக்கிரம் வரும். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும். அன்றைக்கு அவர் வகுப்பறைக்குப் போக வேண்டும்.

ஏழுக்கு ஒன்பது மீட்டர்

ஜப்பான் வகுப்பறைக்கு ஒரு பழைய அளவு உண்டு. ஏழு மீட்டர் அகலம், ஒன்பது மீட்டர் நீளம். ஒரு பக்கம் வராந்தா, இன்னொரு பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னல் பெரும்பாலும் தெற்குப் பார்த்து இருக்கும். வலது கையால் எழுதும்போது நிழல் நோட்டில் விழக்கூடாது என்று வெளிச்சம் இடப்பக்கமாக வர வேண்டும். குளிர்காலத்தில் வெயிலும் உள்ளே வர வேண்டும். குளிர்காலத்துக்காக யோசித்துக் கட்டிய கட்டடம். அதில் நாற்பது பிள்ளைகள் வரை உட்காரலாம் என்று ரொம்ப காலம் சட்டம் இருந்தது. மாடி வகுப்பு என்றால் தலைக்கு மேலே காய்ந்த கான்க்ரீட் வேறே.

சாப்பாடும் அதே அறையில்தான். பிள்ளைகளே வெள்ளை அங்கி, முகமூடி போட்டுக்கொண்டு கொதிக்கக் கொதிக்க ஸூப் பரிமாறுவார்கள். வாத்தியாரும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம் துடைப்பமும் துணியும் எடுத்து எல்லோரும் அறையைத் துடைப்பார்கள். வாத்தியாரும் குனிய வேண்டியதுதான். மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிற வேர்வையிலேயே பாதித் தரை ஈரமாகிவிடும்.

இதில் அவர் என்ன பாடம் நடத்துவார்? எல்லா வகுப்பிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஹௌ ஈஸ் த வெதர் டுடே?"

"இட்ஸ் ஹாட்!" என்று நாற்பது குரல் ஒரே சமயத்தில். ஜப்பானியப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுவார்கள் என்று யார் சொன்னது? அனுபவித்துப் பேசினால் எந்த மொழியும் வரும் ஸார்!

பிழைக்கிற வழிகளையும் அந்தப் பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். எழுதும்போது தாளுக்கு அடியில் வைக்க 'ஷிதாஜிகி' என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. ஜூன் மாதம் வந்தால் அது விசிறியாகிவிடும். நாற்பது அட்டையும் சேர்ந்து 'பட பட'வென்று ஆடினால், வகுப்பே பறந்து போய்விடுமோ என்று தோன்றும். சில வாத்தியார்கள் பாடம் நடக்கும்போது விசிறக்கூடாது என்பார்கள், மரியாதை இல்லையாம்.

நம் ஆசாமியும் மெல்ல மெல்லத் தேறுவார். கழுத்தில் ஒரு துண்டு. (நம் ஊர் மேஸ்திரி மாதிரியேதான்!) ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கிற விசிறிகளை விடாமல் வாங்கி வைப்பார். வறுத்த பார்லியில் போட்ட 'முகிச்சா' என்ற தண்ணீரை முந்தின ராத்திரியே பாட்டிலில் உறைய வைத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். உப்பு மிட்டாய் வாங்குவார். பையில் மாற்றுச் சட்டை ஒன்று, சில நாள் இரண்டு. முதல் பீரியட் சட்டை வேறு, மூன்றாவது பீரியட் சட்டை வேறு. அவர் பெரிய மைனர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

ஊரே ஆளுக்கொரு உபாயம் வைத்திருக்கிறது. வாசலில் ஒரு கண்ணாடி மணி தொங்கும். காற்றடித்தால் கிணுகிணு என்னும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே குளிர்ச்சியாம். பள்ளிக்கூடங்களில் இன்னும் உருப்படியான வேலை ஒன்று செய்தார்கள். தரைத்தள ஜன்னலுக்கு வெளியே வலை கட்டி, பாகற்கொடி ஏற்றினார்கள். ஆமாம், நம்ம பாகற்காயேதான். இலை வெயிலைத் தடுக்கும், காய் சமையலுக்கு. இதற்குப் 'பச்சைத் திரை' என்று பெயர். 2011-க்குப் பிறகு நாடெங்கும் இது பிரபலமாயிற்று. ஏன் 2011 என்பதற்கு இதோ வருகிறேன்.

'கமான்' என்றால் வா என்று அர்த்தமில்லை

"ஏன் ஏ.ஸி. வைக்கவில்லை?" என்று நம் ஆசாமி என்றைக்காவது கேட்டே தீருவார். பக்கத்து மேஜை ஜப்பானிய ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "ரொம்ப உஷ்ணம்தான், இல்லையா?" என்பார். அவ்வளவுதான் பதில்.

அங்கே ஒரு வார்த்தை உண்டு. நம் காதுக்குக் கிட்டத்தட்ட 'கமான்' என்று விழும். யாரோ உற்சாகப்படுத்துகிறார்கள் என்று இங்கிலீஷ்காரர் நினைத்தால் போச்சு. அதற்கு அர்த்தம் 'பொறுத்துக்கொள்'. முணுமுணுக்காமல் பொறுப்பது அங்கே சின்ன வயசிலிருந்தே ஊட்டுகிற குணம். ஒரு காலத்தில் விளையாட்டுப் பயிற்சி நடுவே தண்ணீர் குடிப்பதே பலவீனம் என்று தடுத்திருக்கிறார்கள். பூகம்பம், புயல், போர் என்று எல்லாவற்றையும் தாண்டி வர அந்தக் குணம் உதவியிருக்கிறது. கேலி பண்ணுகிற விஷயமில்லை.

ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். குணத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு நோட்டு இருக்குமே என்று புரட்டிப் பார்க்கத் தோன்றும். இருக்கிறது. ஆரம்ப, நடுநிலைப் பள்ளிக்கூடங்கள் நகராட்சியின் பொறுப்பு. மத்திய சர்க்கார் மானியம் ஒரு பங்குதான். மீதியும் வருஷா வருஷம் வருகிற கரண்ட் பில்லும் நகராட்சி தலையில். ஒரு பள்ளியில் வைத்தால் ஊரில் எல்லாப் பள்ளியிலும் வைக்க வேண்டும். 'கொடுமையான வெயில் நாளில்தான் லீவு விடுகிறோமே' என்ற சமாதானம் கையிலேயே இருக்கிறது. ஆக, வைப்பதும் வைக்காததும் அந்தந்த ஊரின் மனசையும் கஜானாவையும் பொறுத்தது. 2017-ல் ஷிகோகு தீவில் ககாவா மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஏ.ஸி. பக்கத்து மாவட்டமான எஹிமேயில் நூற்றுக்குப் பத்து கூட இல்லை. ஒரே தீவு, ஒரே வெயில்! நம் ஆசாமிக்கு எந்த மாவட்டம் விழும் என்பது வெறும் லாட்டரி.

இந்தக் கணக்கும் அந்தக் குணமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஊர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டாமா?

விமானச் சத்தத்து ஊர்

டோக்கியோவில் இக்கேபுக்குரோ ஸ்டேஷனில் ஸெய்பு ரயில் ஏறினால் அரை மணி நேரம் போலத்தான். தொகோரோஸாவா. ஸைதாமா மாவட்டம். ஜப்பானின் முதல் விமானதளம் 1911-ல் இங்கேதான் திறந்தார்கள். இப்போது அது பெரிய பூங்கா. அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் வாசலில், நம் ஊரில் பழைய ரயில் எஞ்சினை நிறுத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு முழு பயணிகள் விமானத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே பச்சைப் பசேலென்று ஸயாமா குன்றுகள். மியாஸாகியின் 'தோதோரோ' சினிமாவில் வருகிற அந்தக் காட்டுக்கு இதுதான் மூலம் என்பார்கள்.

இவ்வளவு அழகான ஊருக்கு ஒரு தொல்லை. பக்கத்திலேயே இருமா ராணுவ விமானதளம். தலைக்கு மேலே விமானம் போனால் வாத்தியார் சொல்வது காதில் விழாது. எனவே சத்தத்தைத் தடுக்க அங்கேயுள்ள பள்ளிகளுக்கு இரட்டை ஜன்னல் போட்டார்கள். ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் சத்தம். சத்தமில்லாத அடுப்பா, சத்தமுள்ள அடுப்பா, எது வேண்டும்? அதனால் ஏ.ஸி.யும் வைப்பதாக நகராட்சி திட்டம் போட்டது.

அதற்குள் 2011 மார்ச் வந்தது. பூகம்பம், சுனாமி, ஃபுகுஷிமா. அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நாடு முழுக்க மின்சாரச் சிக்கனம். (பாகற்கொடி ஏறியது இதனால்தான்.) அந்த வருஷக் கடைசியில் வந்த தொகோரோஸாவாவின் புது மேயர், சௌகரியத்தையே தேடுகிற வாழ்க்கையை இனியாவது மறுபடி யோசிக்க வேண்டும் என்று சொல்லி ஏ.ஸி. திட்டத்தை நிறுத்திவிட்டார். 'அவர் சொல்வதும் நியாயம்தானே' என்று ஒரு கோஷ்டி. 'யோசிக்கிறவர் ஏ.ஸி. ரூமில், வேகிறது எங்க பிள்ளை' என்று ஒரு கோஷ்டி.

பெற்றோர்கள் விடவில்லை. கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். 2015 பிப்ரவரி 15-ம் தேதி ஓட்டுப் பெட்டியே வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏ.ஸி. வேண்டுமா, வேண்டாமா? ஊரே ஓட்டுப் போட வேண்டும்! பிப்ரவரிக் குளிரில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், ஏ.ஸி.க்கு ஓட்டு!

வேண்டும் என்றவர்கள் 56,921. வேண்டாம் என்றவர்கள் 30,047. ஜெயித்தாயிற்றா? அதுதான் இல்லை. மொத்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கு ஒரு பக்கம் விழுந்தால்தான் முடிவுக்குக் கனம் உண்டு என்று விதி. ஓட்டுப் போட வந்ததே நூற்றுக்கு முப்பத்தொன்று சொச்சம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போட்டிருந்தால்கூட எட்டாது! ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்த அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. பக்கத்தில் நிற்கிற வெளிநாட்டு வாத்தியாருக்கும் ஓட்டு கிடையாது.

அப்புறம் ஏ.ஸி. எப்படி வந்தது?

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

2018 ஜூலை 17. ஐச்சி மாவட்டத்தில் தொயோதா நகரம். கார் கம்பெனியால் உலகமே அறிந்த ஊர். ஒரு தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, பூச்சி பிடிக்கிற பாடத்துக்காக ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பூங்காவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வருஷா வருஷம் போகிறதுதான். ஒரு பையன் களைப்பாக இருக்கிறது என்று சொன்னான். போய்விட்டுத் திரும்பி வகுப்புக்கு வந்தார்கள். அங்கே மின்விசிறி இருந்தது, ஏ.ஸி. இல்லை. அறைக்குள்ளேயே 37 டிகிரி. அங்கே அவனுக்கு நினைவு தப்பியது. பிழைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு.

ஆறு நாள் கழித்து, ஜூலை 23-ம் தேதி, ஸைதாமா மாவட்டத்துக் குமகாயாவில் 41.1 டிகிரி. அதுவரை ஜப்பானில் பதிவானதிலேயே அதிகம். சர்க்கார் விழித்துக்கொண்டது. அந்த வருஷமே துணை பட்ஜெட்டில் 8,220 கோடி யென் எடுத்து வைத்தார்கள். சுமார் 1,70,000 வகுப்பறைகளுக்கு ஏ.ஸி. 2017-ல் பாதியைக்கூடத் தொடாமல் 49.6 சதவிகிதமாக இருந்த கணக்கு, 2020-ல் 93 ஆயிற்று. 2024-ல் 99.1. தொகோரோஸாவா வகுப்புகளிலும் இப்போது ஏ.ஸி. ஓடுகிறது. இத்தனை வருஷம் பணம் இல்லை, கரண்ட் இல்லை, பழக்கம் இல்லை என்றார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் கிடைத்தது.

இப்போது போகிற வெளிநாட்டு வாத்தியாருக்குப் பிரச்னை தீர்ந்ததா? பாதி. பல பள்ளிகளில் ஏ.ஸி. ஸ்விட்ச் இருப்பது வகுப்பில் இல்லை, ஆசிரியர் அறையில். அங்கே இருக்கிறவருக்குக் குளிர்ந்தால், மாடியில் இருக்கிறவருக்கும் குளிர்ந்ததாக அர்த்தம்! உடற்பயிற்சிக் கூடங்களில் 2024-ல் நான்கில் ஒன்றுக்குக்கூட ஏ.ஸி. கிடையாது. பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி எல்லோரையும் நிற்க வைக்கிற விழாக்கள் அங்கேதான். பூகம்பம் வந்தால் ஊர் ஜனங்கள் படுக்கிற இடமும் அதுதான். வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. 2025 ஆகஸ்ட் 5-ல் கும்மா மாவட்டத்து இஸெஸாகியில் 41.8 டிகிரி. ஜூனிலேயே தொடங்கி செப்டம்பர் தாண்டியும் விடுவதில்லை. 'வெயில் நாளில் லீவு விடுகிறோமே' என்ற பழைய சமாதானத்துக்கு இனி காலண்டரில் இடமில்லை.

ஒரு மாற்றம் மட்டும் நிஜமானது. காற்றின் சூடு, ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கிற ஒரு மீட்டர் இப்போது பள்ளிக்கூடங்களில் வந்துவிட்டது. அதில் 31-ஐத் தாண்டினால் வெளியே விளையாட்டுக் கிடையாது. பையன் எவ்வளவு பொறுத்துக்கொள்வான் என்று யாரும் கேட்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் அதை அளக்கிற வேலையை ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்திருக்கிறவரிடம் விடக்கூடாது என்று தெரிந்துகொள்ள அந்த நாட்டுக்கு ஒரு பையனின் உயிர் தேவைப்பட்டது.

இப்போதும் செப்டம்பர் முதல் வாரத்தில் யாரோ ஒரு புது வாத்தியார், கழுத்தில் துண்டோடு, போர்டுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். "ஹௌ ஈஸ் த வெதர் டுடே?"

"இட்ஸ் ஹாட்!"

அதை வெறும் பாடம் என்று நினைக்காமல் கேட்டுக்கொண்டால் சரி.